சென்னையில் சித்த மருத்துவக் கல்லூரிக் கல்வியின் வரலாறு

சித்தம், ஆயுர்வேதம், யுனானி, யோகா, இயற்கை மருத்துவம், ஓமியோபதி ஆகியவை மேலைநாடுகளில் துணை மருத்துவம் அல்லது மாற்று மருத்துவம் என்று அழைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றுள் பெரும்பாலானவை இந்திய மருத்துவம் என்ற பெயரில் அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. குருவிடமும் குடும்பத்திலும் கற்ற வைத்தியம் கல்லூரிப் பாடமாக மாறிய வரலாறு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பழமையானது. அதன் தொடக்கம் சென்னைக் கீழ்ப்பாக்கம். சித்த மருத்துவ மாணவர் நவீன மருத்துவத்தை எந்த அளவுக்குக் கற்க வேண்டும், கற்றபின் அவருக்கு என்ன உரிமை உண்டு என்ற இரு கேள்விகளும் அன்று எழுந்தவை. இன்றுவரை அவை முழுமையாகத் தீரவில்லை.

பின்னணி

சித்த மருத்துவ நூல்கள் பெரும்பாலும் தமிழ்ச் செய்யுளால் ஆனவை. மருந்தின் பெயர், அளவு, செய்முறை, பத்தியம் ஆகிய அனைத்தும் பாட்டாகவே மனப்பாடம் செய்யப்பட்டன. சில இடங்களில் பொருள் மறைபொருளாக இருந்ததால் குருவின் விளக்கமின்றி நூலைப் படித்துப் பயனில்லை. எனவே தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து சீடனுக்குமாக வைத்தியம் கைமாறியது. தேர்வு, பட்டம், பதிவு எதுவும் இல்லை. ஊரார் வைத்த நம்பிக்கையே வைத்தியரின் சான்றிதழ்.

வடசென்னைக்குச் சித்தர் மரபு அயலானது அன்று. பட்டினத்தார் அடங்கிய இடமாகக் கருதப்படும் கோயில் திருவொற்றியூர்க் கடற்கரையில் உள்ளது. அதே வடசென்னையில்தான் ஆங்கில மருத்துவக் கல்வியும் பரவலாக வேரூன்றியது. 1877-ல் தொடங்கிய இராயபுரம் மருத்துவப் பள்ளி, எல்.எம்.பி. என்னும் உரிமச் சான்று பெற்ற மருத்துவர்களை உருவாக்கியது. பின்னர் ஸ்டான்லி மருத்துவப் பள்ளி என்று பெயர் மாறி, 1938-ல் மருத்துவக் கல்லூரியானது. ஆங்கில மருத்துவம் படித்தவருக்கு அரசு வேலையும் சட்டத் தகுதியும் கிடைத்தன. நாட்டு வைத்தியருக்கு அவை கிடைக்கவில்லை. இந்த வேறுபாடே வைத்தியர்களைக் கல்லூரி கேட்க வைத்த முதற்காரணம்.

கோமன் அறிக்கையும் உஸ்மான் குழுவும்

1918-ல் சென்னை மாகாண அரசு, நாட்டு மருந்துகளை ஆராயும் பணியை மருத்துவர் எம். சி. கோமனிடம் ஒப்படைத்தது. அவரது அறிக்கை நாட்டு மருத்துவ முறைகளைக் கடுமையாக விமர்சித்தது. மாகாணம் எங்கும் வைத்தியர்கள் அதை எதிர்த்தனர். வைத்திய முறையை அறியாத ஒருவர் மருந்தை மட்டும் தனியே எடுத்துச் சோதித்து முறையையே எடைபோட முடியாது என்பது அவர்கள் தரப்பு வாதம்.

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தபின் 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. இவர் ஆங்கில மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆயுர்வேதத்திலும் தத்துவத்திலும் ஆழ்ந்த புலமை உடையவர். குழு வினாப்பட்டியல் அனுப்பி ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்களிடம் சாட்சியம் பெற்றது. பலர் தத்தம் தாய்மொழியிலேயே எழுதி அனுப்பினர். 1923-ல் அறிக்கை வெளியானது.

இந்திய மருத்துவத்துக்குத் தனக்கென அறிவியல் அடிப்படையும் தருக்கமும் உண்டு என்று சீனிவாசமூர்த்தி வாதிட்டார். அறுவை மருத்துவம் போன்ற துறைகளில் இடைக்காலத்தில் பயிற்சி தேய்ந்துவிட்டதால் அவற்றை நவீன மருத்துவத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் கருத்து. இந்த இரண்டும் சேர்ந்தே பின்வந்த பாடத்திட்டத்தை வடிவமைத்தன. தியாகராய நகரில் உஸ்மான் சாலையும் பனகல் பூங்காவும் அருகருகே இருப்பதைப் பலர் அறிவர். குழுவின் தலைவர் பெயரையும், அப்போது முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரையும் அவை தாங்கியுள்ளன.

கீழ்ப்பாக்கம் பள்ளி

அறிக்கையின் விளைவாக 1920-களின் நடுப்பகுதியில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தொடங்கப்பட்டது. சீனிவாசமூர்த்தி அதன் முதல் முதல்வரானார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி என மூன்று பிரிவுகள் இருந்தன. மூன்று பிரிவு மாணவர்களும் உடற்கூறு, உடலியங்கியல், அறுவை மருத்துவம் முதலிய நவீனப் பாடங்களையும் படித்தனர். படிப்பை முடித்தவர்களுக்கு எல்.ஐ.எம். என்ற இந்திய மருத்துவ உரிமச் சான்று வழங்கப்பட்டது.

இது பெரிய மாற்றம். பிறப்பாலும் குடும்பத்தாலும் வைத்தியராக வாய்ப்பில்லாத ஒருவர், தேர்வெழுதிச் சித்த மருத்துவர் ஆக முடியும் என்ற நிலை முதன்முறையாக உருவானது. அதேநேரம் மரபு வைத்தியர் தம் மகனுக்குக் கற்றுக்கொடுத்தது மட்டும் போதாது என்ற நிலையும் மெல்ல உருவானது.

ஒருங்கிணைப்பும் 1960-ன் மாற்றமும்

1946-ல் வெளியான போர் குழு அறிக்கை, இந்திய மருத்துவ முறைகள் குறித்த முடிவை மாகாணங்களிடமே விட்டது. அதே ஆண்டில் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மற்றொரு குழு, இரு மருத்துவங்களையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று 1948-ல் பரிந்துரைத்தது. கீழ்ப்பாக்கம் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரி என்ற நிலையை அடைந்தது. அங்குப் படித்தவர்கள் ஜி.சி.ஐ.எம். என்ற பட்டத்தைப் பெற்றனர்.

இரு மருத்துவங்களும் கற்ற மருத்துவர் இரண்டிலும் வல்லவராவார் என்பது திட்டம். நடைமுறையில் வேறு விளைவு ஏற்பட்டது. நவீனப் பாடங்களின் அளவு கூடக்கூட, அதே பாடங்களைப் படிக்கும் தமக்கு ஏன் எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை என்ற கேள்வி மாணவர்களிடையே வலுத்தது. ஊதியத்திலும் பதவியிலும் இருந்த இடைவெளி அதற்கு உரமிட்டது. இந்தியாவின் பல ஒருங்கிணைந்த கல்லூரிகளிலும் இதே நெருக்கடி எழுந்தது. 1960-ல் அந்நிறுவனம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறி, எம்.பி.பி.எஸ். கற்பிக்கத் தொடங்கியது. இந்திய மருத்துவத்துக்காக நிறுவப்பட்ட இடம் நவீன மருத்துவத்துக்குச் சென்றது.

இத்தகைய மாற்றம் வேறு நாடுகளிலும் நடந்துள்ளது. அமெரிக்காவில் 1910-ல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு ஓமியோபதிக் கல்லூரிகள் பல மூடப்பட்டன அல்லது நவீன மருத்துவக் கல்லூரிகளாக மாறின. சீனா எதிர்த்திசையில் சென்றது. 1956-ல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் மரபு மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரிகளைத் தொடங்கியது.

பாளையங்கோட்டையும் அரும்பாக்கமும்

தமிழ்நாட்டிலும் தனிக்கல்லூரி என்ற பாதையே பின்னர் தெரிவானது. 1964-ல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. தென்மாவட்டங்களில் சித்த மருத்துவமும் வர்மமும் உயிர்ப்புடன் இருந்தது இதற்கு வலுவூட்டியது. 1970-ல் நாடாளுமன்றம் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டத்தை இயற்றியது. அதன்படி நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டமும், தகுதி பெற்றோரைப் பதிவு செய்யும் முறையும் வந்தன. பி.எஸ்.எம்.எஸ். என்னும் சித்த மருத்துவ, அறுவை மருத்துவப் பட்டம் நிலைபெற்றது. 2020-ல் இயற்றப்பட்ட தேசிய இந்திய மருத்துவ முறைகள் ஆணையச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது.

சென்னையில் அரும்பாக்கம் புதிய மையமானது. அங்குள்ள அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் அடுத்தடுத்துக் கல்லூரிகள் உருவாயின. 1979-ல் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியும், 1985-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2000-ல் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. கீழ்ப்பாக்கத்தை இழந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னரே தலைநகரில் சித்த மருத்துவத்துக்கு மீண்டும் ஓர் அரசுக் கல்லூரி கிடைத்தது. 2005-ல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டு, பட்டமேற்படிப்பும் ஆய்வும் வலுப்பெற்றன. கடல் கடந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் 1984-ல் கைதடியில் சித்த மருத்துவ அலகைத் தொடங்கியிருந்தது.

பாடமும் பயிற்சியும்

பி.எஸ்.எம்.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுப் பாடமும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள் நடைபெறுகிறது. வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றக் கோட்பாடு, நாடி முதலான எண்வகைத் தேர்வு, மூலிகை, தாது, சீவப் பொருள்களை விளக்கும் குணபாடம், நஞ்சு மருத்துவம், குழந்தை மருத்துவம், மகளிர் மருத்துவம் ஆகியவை முக்கியப் பாடங்கள். அக மருந்துகள் 32, புற மருந்துகள் 32 என்ற மரபுப் பகுப்பும் கற்பிக்கப்படுகிறது. தொக்கணம், ஒற்றடம், பற்று, வர்மம் முதலிய புறமருத்துவ முறைகள் செய்முறையாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. இவற்றுடன் உடற்கூறு, உடலியங்கியல், நோயியல், நுண்ணுயிரியல் ஆகிய நவீனப் பாடங்களும் உண்டு.

இங்கு மொழிக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. மூல நூல்கள் தமிழில் உள்ளதால், பள்ளியில் தமிழ் படிக்காதவர் கல்லூரியில் தமிழைப் பாடமாகப் படிக்க வேண்டியிருந்தது. தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு நவீனப் பாடங்களின் ஆங்கிலச் சொற்கள் தடையாகலாம். ஆனால் வகுப்பில் செய்யுளைப் பிரித்துப் பொருள் காணும்போது அவரே முன்வரிசையில் இருப்பார். மருத்துவக் கல்வியில் தமிழறிவு நேரடித் தகுதியாகும் துறை இதுவே.

சேர்க்கையும் வடசென்னை மாணவரும்

2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட ஊர்களுள் சடையங்குப்பமும் ஒன்று. மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த பகுதி இது. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும்போது முதலில் பாதிக்கப்படும் ஊர்களில் இதுவும் இடம்பெறுகிறது. இத்தகைய ஊரில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மருத்துவத் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவருக்கு எம்.பி.பி.எஸ். கட்டணமும் தனியார் பயிற்சி வகுப்புச் செலவும் எட்டாதவை. அரும்பாக்கம் கல்லூரிகளோ மாநகரின் எல்லைக்குள்ளேயே உள்ளன.

முன்பு பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே சித்த மருத்துவச் சேர்க்கை நடந்தது. பின்னர் இதற்கும் நீட் தேர்வு கட்டாயமானது. அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை குறைந்ததை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2020-ல் தமிழ்நாடு அரசு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது இது. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் ஆகியவற்றோடு இந்திய மருத்துவம், ஓமியோபதி இடங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டமும் தொழிலும்

பட்டம் பெற்றவர் மாநில மருத்துவப் பதிவேட்டில் பெயர் பதிந்த பின்னரே தொழில் செய்யலாம். சில மாதப் பயிற்சியோ அஞ்சல்வழிச் சான்றிதழோ இதற்கு ஈடாகாது. முறையான தகுதியும் பதிவும் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய முடியாது என்று உச்சநீதிமன்றம் 2018-ல் கேரள வழக்கொன்றில் கூறியது. நூறாண்டுக்கு முன் கல்லூரி கேட்டுப் போராடிய மரபினரின் வழித்தோன்றல்களே, கல்லூரி செல்லாததால் சட்டத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது இந்த வரலாற்றின் முரண்.

பட்டம் பெற்றவருக்கும் எல்லைகள் உண்டு. மாநிலச் சட்டம் இடமளித்தால் மட்டுமே பிற முறை மருத்துவர் ஆங்கில மருந்துகளைப் பரிந்துரைக்கலாம் என்று 1998-ல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயுர்வேத மருத்துவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இணையான ஊதியம் கோர முடியாது என்று 2023-ல் மற்றொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. கீழ்ப்பாக்கம் மாணவர்கள் எழுப்பிய கேள்வியின் தொடர்ச்சியாகவே இவற்றைக் காணலாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்தப் பிரிவுகள், தனி மருத்துவகம், மருந்து உற்பத்தி, ஆய்வு, ஆசிரியப் பணி ஆகியவை பட்டதாரிகளின் முக்கிய வேலைவாய்ப்புகள்.

அண்மைக் காலம்

டெங்கு பரவிய ஆண்டுகளில் ஒன்பது பொருள்கள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை அரசு பரவலாக வழங்கியது. 2020-ல் கொரோனா காலத்தில் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் சித்த மருத்துவச் சிகிச்சை மையம் செயல்பட்டது. வடசென்னை மக்கள் பலர் சித்த மருத்துவர்களை நோயாளிப் படுக்கையருகே கண்டது அப்போதுதான். இத்தகைய மருந்துகளின் பயனைக் கட்டுப்பாடான ஆய்வுகளால் நிறுவ வேண்டும் என்ற கோரிக்கையும் அதனோடு வலுத்தது.

2022-ல் சித்த மருத்துவப் பல்கலைக்கழகம் அமைப்பதற்கான சட்டமுன்வடிவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. மணலிக்கு அண்மையிலுள்ள மாதவரம் அதற்கான இடமாகத் தெரிவு செய்யப்பட்டது. ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காததால் திட்டம் நீண்டகாலம் முடங்கியது.

மதிப்பீடு

உஸ்மான் குழு விரும்பிய இரண்டில் ஒன்று நிறைவேறியது: சித்த மருத்துவம் எவரும் கற்கக்கூடிய கல்வியானது. நவீன மருத்துவத்தோடு சமநிலையில் உரையாடும் மருத்துவரை உருவாக்குதல் என்ற மற்றொன்று பாதி வழியில் நிற்கிறது. நவீன மருத்துவத்தை மிகுதியாகச் சேர்த்தபோது கீழ்ப்பாக்கத்தில் கல்லூரியே கைமாறியது. பிரித்து வைத்தபோது பட்டதாரியின் உரிமையும் ஊதியமும் வழக்குகளில் சிக்கின. இப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் மருந்தையும் நாடியையும் கற்பதோடு, தம் பட்டம் எதைச் செய்ய அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.