கைத்துவக்கும் காவலும்: ருவான்வெல்லைப் பகுதியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஒருவன் தன் உயிருக்குக் காவலாக நாள்தோறும் உடன்கொண்டு செல்லத்தக்க கைத்துவக்கு யாது? அதன் குழல் எவ்வளவு விட்டம் உடையதாய் இருத்தல் வேண்டும்? படைக்கலம் விற்பாரும் வாங்குவாரும் கடைவாயிலில் நின்று பேசித் தீர்க்கும் சிறு வினாக்கள் போல இவை தோன்றும். ஆயின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரரசுகள் இவ்வினாக்களுக்கு விடை தேடின. கண்ட விடையைப் பன்முறை மாற்றியும் கொண்டன. 'நம்பத்தக்க துவக்கு' என்னும்போது நம்பத்தக்கது எது? கருவியா, அதனை ஏந்துவோனா, ஏந்துதற்கு உரிமை வழங்கிய ஆட்சியா? சப்பிரகமுவ மாகாணத்து ருவான்வெல்லையையும் அதனைச் சூழ்ந்த கேகாலை நாட்டையும் களமாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் அளவும்

ருவான்வெல்லை, அவிசாவளையிலிருந்து கேகாலைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர். கண்டியரசு நிலவிய காலத்தில் மூன்று கோறளை எனப்பட்ட எல்லைப்புறத்தைச் சேர்ந்தது. கரைநாட்டை ஆண்டவர்க்கும் மலைநாட்டை ஆண்டவர்க்கும் இடைப்பட்ட நிலமாதலின் படைகள் போவதும் வருவதும் இவ்வூர்க்குப் பழகிய காட்சி. ஆங்கிலேயர் இங்கு வைத்திருந்த கோட்டையின் வாயில் இன்றும் வாடிவீட்டோடு ஒட்டி நிற்கின்றது. பின்னாளிற் சூழவுள்ள குன்றுகளிலே தேயிலையும் இறப்பரும் தழைத்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியேறினர்.

நாம் 'துவக்கு' என்பதனைச் சிங்களவர் 'துவக்குவ' என்பர். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பர். மூன்றும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பது சொல்லாராய்ச்சியார் துணிபு. கருவி கடல்கடந்து வந்தபோது அதன் பெயரும் உடன்வந்தது போலும்.

குழலின் அளவைக் குறிக்க இருவகை முறைகள் உள. ஓர் இறாத்தல் ஈயத்தை ஒத்த அளவுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எக்குழலிற் பொருந்துமோ அது 'பன்னிரண்டு போர்' எனப்படும். அதன் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். தோட்டங்களிற் பன்றி விரட்டும் வேட்டைத்துவக்கு பெரும்பாலும் இவ்வகையினது. கைத்துவக்குக்கோ அங்குலத்தின் நூற்றுக்கூறோ ஆயிரத்துக்கூறோ அளவாகும். இதனைக் 'கலிபர்' என்பர். 0.45 கலிபர் என்பது 11.4 மில்லிமீற்றர். 0.38 எனப் பெயர்பெற்ற குண்டு உண்மையில் 9.1 மில்லிமீற்றரே. ஆதலின் கலிபர்ப் பெயர் எப்போதும் மெய்யளவு அன்று; வணிக வழக்கும் அதனுட் கலந்துளது.

ஊர்க் கொல்லர் காலம்

போர்த்துக்கேயர் 1505 அளவில் இலங்கைக் கரையை அடைந்தபோது அவர்தம் பீரங்கி முழக்கம் இடியினும் மிக்கதாக மக்களுக்குத் தோன்றியதென இராசாவலிய கூறும். அவ்வச்சம் நெடுநாள் நீடிக்கவில்லை. சிங்களக் கொல்லர் வெகு விரைவில் அத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தனர். விசைப்பொறியை இடப்பக்கத்தில் அமைப்பது அவர் துவக்குகளின் தனி அடையாளம். அடிக்கட்டையிலே தந்தமும் வெள்ளியும் இழைத்த துவக்குகள் இன்றும் அரும்பொருட்சாலைகளில் உள.

அக்காலத்திற் பொதுக் கலிபர் என்பதொன்றில்லை. கையாற் செய்த ஒவ்வொரு துவக்குக்கும் அதற்கேற்ற குண்டை உடையவனே வார்த்துக் கொண்டான். பழுதுற்றால் திருத்தும் கொல்லன் அயலிலேயே இருந்தான். நம்பகம் என்பது ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே பேணப்பட்ட ஒன்றாயிற்று.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயது. 1817-18 ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் மலைநாட்டு மக்களிடமிருந்த துவக்குகளைக் கைப்பற்றினர். அன்றுதொட்டு இப்பகுதியின் படைக்கல வரலாறு திசைமாறியது. செய்வோன், வைத்திருப்போன், அனுமதிப்போன் என மூவர் பிரிந்தனர். 'யார் ஏந்தலாம்' என்பது முதல் வினாவாகி, 'எதனை ஏந்தலாம்' என்பது இரண்டாம் வினாவாகிவிட்டது.

துரைமார் தேர்வு

சுழல் துவக்குக்கு அமெரிக்கரான சாமுவேல் கோல்ற்று 1836இல் உரிமம் பெற்றார். இங்கிலாந்தில் றொபேட் அடம்ஸ் 1851இல் தம் சுழல் துவக்கை வெளியிட்டார். கோல்ற்றின் கடற்படை வகை 0.36 கலிபர் உடையது; குறிதவறாதது எனப் புகழ்பெற்றது. அடம்ஸின் வகை 0.44 அங்குலத்தை ஒட்டிய பெருங்குழல் உடையது. 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியிலே கோல்ற்றினால் பலமுறை சுட்டும் எதிரி வீழாது வந்து தன்னைச் சுட்டவனையே வெட்டி வீழ்த்தினான் என்றொரு செய்தி ஆங்கிலப் படைத்தலைவர் நடுவே பெரிதும் பேசப்பட்டது. 'சிறு குண்டு துளைக்கும்; பெருங் குண்டே நிறுத்தும்' என்னும் கொள்கை இத்தகைய செய்திகளால் வலுப்பெற்றது.

பேமிங்காம் நகர வெப்ளி நிறுவனம் அக்கொள்கைக்கு உருக்கொடுத்தது. 1868இல் அயர்லாந்துப் பொலிசாருக்கெனக் குறுங்குழல் வகையொன்றும், 1872 அளவிற் சட்டைப்பையில் அடங்கும் 'புல்டோக்' வகையும் வெளிவந்தன. நாளாந்தம் உடன்கொண்டு செல்லும் நோக்குடன் செய்த கைத்துவக்குகளுள் 'புல்டோக்' பெரும்புகழ் பெற்றது. 1887இல் வெப்ளியின் பெரிய வகையை ஆங்கிலப் படை ஏற்றது. அதன் 0.455 கலிபர்க் குண்டு ஏறக்குறைய 17 கிராம் எடையுடையது; நொடிக்கு 180 மீற்றர் அளவிற் செல்வது.

பேரரசின் தோட்டத்துரைமார் இவ்வகைகளை விரும்பியதற்குக் காரணங்கள் உள. சப்பிரகமுவ ஈரவலயத்தைச் சேர்ந்தது. களனிப் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 2500 மில்லிமீற்றரைத் தாண்டும். கடதாசிக் கூட்டில் அடைத்த தோட்டா இந்நிலத்தில் ஈரமுண்டு வீங்கும். கரிமருந்தின் கசடு இரவிற்குள் துருவேற்றும். பித்தளைக் கூடு இக்குறைக்கு மருந்தாயிற்று. சுழல் துவக்கில் ஒரு தோட்டா வெடியாதொழியின் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்தது முன்வரும். இருகையால் நீக்கவேண்டிய தடை இல்லை. எளிய பொறி, ஈரந்தாங்கும் தோட்டா, நெருங்கிய தொலைவிற் போதிய வலி என்னும் மூன்றும் ஒருங்கே வேண்டின் அக்காலத்திற் சுழல் துவக்கே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

கலிபர்ச் சக்கரம்

பெருங்குழற் கொள்கையிற் பொறியியல் மட்டுமன்றி இன இறுமாப்பும் உறைந்திருந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையிற் செய்த விரியும் குண்டைத் தடைசெய்வது குறித்து 1899இல் ஹேக் மாநாடு ஆராய்ந்தது. நாகரிகப் படைவீரன் காயமுற்றதும் ஓய்வான், காட்டுவீரன் ஓயான் என்னும் கருத்துப்பட ஆங்கிலப் பேராளர் சர் ஜோன் ஆர்டா அங்கு வாதித்தார். மாநாடு அதனை ஏற்கவில்லை. பிரித்தானியா 1907இல் அத்தடைக்கு இணங்கியது. குண்டின் விட்டத்தை முடிவுசெய்தோர், அது எவர் உடலிற் பாயுமென்பதையும் எண்ணியே முடிவுசெய்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பிலிப்பைன்சில் மோறோ மக்களோடு பொருத அமெரிக்கரும் 0.38 கலிபர் போதாதென முறையிட்டனர். 1904இல் தொம்சன், லகாட் என்னும் இருவர் மாடுகளையும் பிணங்களையும் சுட்டுச் சோதித்து 0.45க்குக் குறைதல் ஆகாதென்றனர். 1911இல் ஜோன் பிரௌனிங் அமைத்த 0.45 கலிபர்த் தானியங்கிக் கைத்துவக்கை அமெரிக்கப் படை ஏற்றது.

ஆயின் முதல் உலகப்போரின் பின்னர் பிரித்தானியர் தம் கொள்கையைத் தாமே கைவிட்டனர். கனத்த 0.455ஐப் புதுப்படைஞர் கையாளப் பழகுவது அரிதென்று கண்டு, 1932இல் 0.38 கலிபர் என்பீல்ட் வகையை ஏற்றனர். 1954இல் 9 மில்லிமீற்றர் பிரௌனிங்குக்கு மாறினர். அமெரிக்கப் படையும் 1985இல் 9 மில்லிமீற்றரைத் தேர்ந்தது. அந்நாட்டு நடுவண் புலனாய்வுத்துறையோ 1986இல் மயாமி நகரில் நேர்ந்த மோதலில் தன் அலுவலர் இருவரை இழந்தபின் 10 மில்லிமீற்றருக்கும், பின்னர் 0.40 கலிபருக்கும் மாறி, இறுதியில் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. எக்கலிபராயினும் கைத்துவக்கின் வலி சிறிதே. குண்டு படும் இடமும் ஊடுருவும் ஆழமுமே விளைவைத் தீர்மானிப்பன என்பது அத்துறை கண்ட முடிவு. தொடங்கிய இடத்திற்கே சக்கரம் சுழன்று வந்ததெனலாம்.

கேகாலை நாட்டுச் சான்றுகள்

இனி, உள்ளூர் வரலாறு கூறுவதைக் கேட்போம். 1864 மார்ச் 21ஆம் நாள் மாவனெல்லையில் உத்துவான்கந்தைச் சரதியேல் என்னும் கொள்ளைத் தலைவனைப் பிடிக்கப் பொலிசார் சென்றனர். அவன் கூட்டாளி சுட்டதில் சபான் என்னும் மலாய்க் கொன்ஸ்தாபிள் உயிர்துறந்தார். கடமையில் உயிரீந்த முதற் பொலிஸ்காரராக இவர் இன்றும் ஆண்டுதோறும் நினைக்கப்படுகின்றார். சரதியேலும் கூட்டாளியும் அவ்வாண்டு மே 7இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். நெடுஞ்சாலையின் அச்சத்தை ஒழித்தது வழிப்போக்கர் இடையிற் செருகிய துவக்கன்று. ஆயுதமேந்திய கும்பலை எதிர்சென்ற காவலரும் வழக்குமன்றமுமே.

1915 மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலகம் கேகாலை நாட்டிலும் பரவியது. முஸ்லிம் வணிகர் கடைகளும் உயிர்களும் சூறையாடப்பட்டன. யூன் 2இல் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தோட்டத்துரைமார் உள்ளிட்ட ஐரோப்பியர் பலர் தொண்டர்களாகச் சேர்க்கப்பட்டு ஆயுதமேந்தினர். அவர்களுட் சிலர் விசாரணையின்றிச் சிங்கள மக்களைச் சுட்டுக்கொன்றனர். கேகாலை மாவட்டத்திலே நிகழ்ந்த சுடுதல்களை ஆராயப் பின்னர் விசாரணைக் குழுவொன்றும் அமைந்தது. பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இக்கொடுமைகளை எடுத்துரைத்ததோடு, போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று முறையிட்டு, 1916இல் நூலும் வெளியிட்டார். கருவி பழுதின்றி இயங்கியது; குழலும் போதிய விட்டம் உடையது; ஏந்தியவன் அறிவே பழுதுற்றது. நம்பகம் கருவியினிடத்து இல்லை என்பதற்கு இது பெருஞ்சான்று.

அடுத்த ஆண்டு 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. துவக்கு வைத்திருப்போன் உரிமம் பெறவும் அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டுமென விதித்த அச்சட்டம், திருத்தங்களோடு இன்றும் இந்நாட்டில் நடைமுறையில் உளது. 1916இன் பின்னர் இலங்கைக் குடிமகன் ஒருவனுக்குக் கலிபர்த் தேர்வென்பது உரிமக்கடிதத்தின் எல்லைக்குள் அடங்கிய ஒன்றே. இந்தியாவிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. படைக்குரிய கலிபர்கள் தனியார்க்கு விலக்கப்பட்டமையால், கான்பூர்ப் படைக்கலச் சாலையில் 0.32 கலிபர்ச் சுழல் துவக்கு குடிமக்களுக்கெனச் செய்யப்பட்டது. அதன் குழலைத் தேர்ந்தது சட்டமேயன்றிக் களமன்று.

1959 செப்டெம்பர் 25ஆம் நாள், அவிசாவளையை அடுத்த தல்துவையின் பெயரைத் தன் பெயரோடு கொண்ட பிக்கு சோமராமர், கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ் இல்ல விறாந்தையிலே பிரதமர் பண்டாரநாயக்காவை வெப்ளிச் சுழல் துவக்கினாற் சுட்டார். மறுநாட் பிரதமர் உயிர்நீத்தார். அங்குக் காவல் நின்ற பொலிஸ்காரரிடம் துவக்கு இருந்தது. அவர் சுட்டுக் கொலையாளியைக் காயப்படுத்தவும் செய்தார். ஆயினும் அச்செயல் குற்றம் நிகழ்ந்தபின்னரே நிகழக்கூடியதாயிற்று. வணங்க வருபவர்போல் அருகில் வந்தவர் முன் எக்கலிபரும் காவலாகவில்லை.

1971 ஏப்பிரலில் எழுந்த கிளர்ச்சியிற் கேகாலை மாவட்டம் பெரிதும் அலைக்கழிந்தது. வீடுகளிற் காவலுக்கென வைத்திருந்த வேட்டைத்துவக்குகள் கிளர்ச்சியாளர் கைக்கு மாறிப் பொலிஸ் நிலையங்களை நோக்கின. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் சப்பிரகமுவத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டு, லயங்கள் எரியுண்டு, பலர் வவுனியா முதலிய வடபுலத்து ஊர்களை அடைந்தனர். அவர்பாற் கைத்துவக்கு இல்லை. காத்தற்குரிய அரசின்பால் இருந்த துவக்கு உரிய பொழுதில் அவர்க்குத் துணைவரவில்லை.

முடிவு

'அவர்களிடமும் துவக்கு இருந்திருப்பின்?' என ஒருவர் வினவலாம். வினா இயல்பானதே. தன்னைக் காக்க எவருமிலர் என்று கண்டவனே கைத்துவக்கை நாடுகின்றான்; அவன் அச்சத்தை எள்ளுதல் அறமன்று. ஆயின் இரவில் வந்து சூழும் கும்பலுக்கு முன் ஆறு தோட்டாக்கள் ஒரு குடும்பத்தைக் காக்கும் என்பதற்கு மேற்காட்டிய வரலாற்றிற் சான்றில்லை. 1915இல் ஆயுதமேந்தியோர் நீதியை இழந்தனர். 1959இல் ஆயுதக் காவலிருந்தும் உயிர் நீங்கியது. 1971இற் காவலுக்கு வைத்த துவக்கே காவல்நிலையத்தைத் தாக்கியது.

எளிய பொறி, ஈரந்தாங்கும் தோட்டா, கைக்கடங்கிய கலிபர் என்பன கருவியின் நம்பகத்திற்கு இலக்கணமாம். அவற்றைப் பேமிங்காமிற் செய்து கப்பலில் ஏற்றி அனுப்புதல் கூடும். பெருவழியிலும் லயத்திலும் ஒருவன் அச்சமின்றி உறங்குதற்கு வேண்டிய நம்பகமோ, எவர் மொழி பேசினும் எச்சமயத்தைச் சார்ந்தாலும் ஒருபடித்தாய்க் காக்கும் சட்டத்தினின்றே பிறப்பது. இரண்டு நூற்றாண்டுகளாக ருவான்வெல்லைப் பகுதி மக்களுக்குக் கிட்டாதிருந்தது இவ்விரண்டாவதே என்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும்.