ஓசி சவாரி

பொழுதுபோக்குப் பூங்காவில் புதுசாக ஒரு ராட்டினம் வந்தால், காசு கொடுக்கும் உங்களுக்கு முன்னால் எங்களை மாதிரி பத்திரிகைக்காரர்களை ஓசியில் ஏற்றிவிடுவார்கள். பாசமா? கணக்கு! நாங்கள் அலறும் படம் மறுநாள் பேப்பரில் வரும். அதே இடத்தை விளம்பரமாக வாங்கினால் செலவு பழுத்துவிடும்.

அந்தக் கணக்கே உதைத்த கதை ஒன்று உண்டு.

1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட். செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி மேலேகூடக் கடன் வாங்கியிருந்தார் வால்ட் டிஸ்னி. பொதுமக்களுக்கு மறுநாள்தான். அன்றைக்கு நிருபர்களும் விருந்தாளிகளும் மட்டும். ஏபிசி டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு வேறு. தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்!

வந்ததோ சுமார் 28,000 பேர். பாதிப் பேருக்கு அழைப்பே கிடையாது. கள்ள டிக்கெட்! வெயில் கொளுத்த, அவசரமாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹைஹீல்ஸ் புதைந்தது. பிளம்பர்கள் ஸ்டிரைக்கால் வேலை பாக்கி. குடிதண்ணீர்க் குழாயா, கழிப்பறையா, ஏதாவது ஒன்றுதான் முடியும் என்ற நிலை. வால்ட் கழிப்பறை என்றார். சரியான முடிவுதான். ஆனால் நாக்கு வறண்ட நிருபர்கள் விடுவார்களா? பெப்ஸி விற்கத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் வறுத்தெடுத்தார்கள்.

ஜனங்கள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. ஏழெட்டு வாரத்தில் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்!

டிஸ்னி கம்பெனி மட்டும் அந்த ஞாயிறை மறக்கவில்லை. 1971-ல் புளோரிடாவில் அடுத்த பூங்கா. கூட்டம் குறைவான மாதமாகப் பார்த்து, அக்டோபர் 1 அன்று ஆரவாரமில்லாமல் கதவைத் திறந்தார்கள். பாண்டு வாத்தியம், திறப்பு விழா எல்லாம் மாதக் கடைசியில்தான்.