கைத்துப்பாக்கியின் பிடி: மரமா, ரப்பரா?

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகே அதிரம்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. 1863ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்னும் நிலவியலார் இருவர் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தனர். அவ்வூரின் மிகப் பழைய கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவற்றுக்குக் காம்பு கிடையாது. ஒரு முனை கூர்மையாகவும், மறுமுனை உள்ளங்கையில் அடங்கும்படி தடித்தும் இருக்கும். கையில் சரியாக உட்காராத கருவி பயன்படாது என்பது அந்த ஆதி மனிதனுக்கே தெரிந்திருந்தது.

கைத்துப்பாக்கியின் பிடியும் அந்தத் தடித்த முனையின் வழிவந்ததுதான். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி அதனை வைத்திருக்க முடியாது. ஆகவே நம்மில் பலர் அதைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் மே மாத நண்பகலில் இடுப்பில் துப்பாக்கியுடன் காவல் நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கிழக்கே பழவேற்காடு ஏரி. அதையும் தாண்டிக் கடல். காற்றில் உப்பும் ஈரமும். உள்ளங்கையில் வியர்வை. அவர் பிடி வழுக்கினால் குண்டு குறி தவறி யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது அல்லவா?

தொடக்கத்தில் பிடி என்றாலே மரம்தான். அதிலும் அக்ரூட் மரத்திற்குத் தனி மதிப்பு. நார் நெருக்கமானது, எளிதில் பிளக்காது, செதுக்க இடம் கொடுக்கும். வழுக்காமல் இருக்க அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறி, சிறு சிறு வைர வடிவ மேடுகள் அமைப்பார்கள். ஆயினும் மரம் ஈரத்தை உறிஞ்சினால் நாருக்குக் குறுக்காக உப்பும்; உலர்ந்தால் சுருங்கும். நார் செல்லும் திசையிலோ மாற்றம் மிகச் சொற்பம். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு சாத்த மறுப்பது இதனால்தான்.

ரப்பர் எப்போது வந்தது? 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டார். இதுவே வல்கனைசேஷன். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மதராஸ் ரப்பர் ஃபேக்டரி, பின்னாளில் டயர்களால் பெயர் பெற்றதும் இந்த வித்தையைக் கொண்டுதான்.

ஆனால் துப்பாக்கிப் பிடிக்கு முதலில் வந்த ரப்பர் மென்மையானதன்று! கந்தகத்தை நூற்றுக்கு 30 பங்கு அளவுக்குக் கூட்டினால் ரப்பர் கருங்காலி போல் கறுத்து இறுகிவிடும். இதற்கு 1851இல் காப்புரிமை பெற்றவர் குட்இயரின் தம்பி நெல்சன். எபொனைட் பேனா வைத்திருந்தவர்களுக்கு இப்பொருள் பழக்கமே. 1873இல் அக்ரூட் பிடியுடன் வந்த கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரிவால்வர், 1880களில் கழுகு உருவம் பொறித்த எபொனைட் பிடி பெற்றது. 1915இல் பிரிட்டிஷ் படைகளுக்கு வந்த வெப்லி ஆறாம் மாதிரிக்கும் இதே வகைப் பிடிதான். அச்சில் வார்த்தால் சித்திரமும் கோடுகளும் ஒரே அழுத்தத்தில் விழும். செதுக்குபவர் கூலி மிச்சம். உற்பத்தியாளர் மரத்தைக் கைவிட்டதில் கையின் சுகத்தைவிட இந்தக் கணக்குக்கே பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. எபொனைட்டுக்கும் ஒரு குறை உண்டு. வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்பேறும். மேற்பரப்பில் சிறிது கந்தக அமிலமும் உண்டாகும்.

உண்மையில் மெத்தென்ற ரப்பர்ப் பிடி அமெரிக்காவில் பரவியது 1970களில். அது என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 8 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் உந்தம் 2.8 அலகு. துப்பாக்கியின் எடை 1 கிலோ என்றால், அது விநாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி உதைக்கும். வெடிவாயுவின் பங்கைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். மரமாயினும் ரப்பராயினும் இந்த உந்தம் மாறாது. ரப்பர் நசுங்குவதால் உதை கையில் சேரும் நேரம் சற்று நீள்கிறது. அதனால் உச்ச விசை குறைகிறது. மரத்துக்கு நசுங்கத் தெரியாது. ஆனால் உள்ளங்கைக்கு ஏற்ப அகலமாகச் செதுக்கினால் அதே விசையைப் பரந்த இடத்தில் பகிர்ந்துவிடும். சின்னஞ்சிறு ரப்பர்ப் பிடியைவிட நல்ல மரப்பிடி வலியின்றி இருப்பதும் உண்டு.

இடுப்பில் சுமப்பவருக்கு வேறொரு தொல்லை. ரப்பர் சட்டைத் துணியைப் பற்றிக்கொள்ளும். துணி மேலேறித் துப்பாக்கி வெளியே தெரியும். வழவழப்பான மரத்தில் துணி நழுவிவிடும். எண்ணெயும் கவனிக்கத்தக்கது: இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பும், 1930களில் வந்த நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பர்கள் ஓரளவு தாங்கும்.

ஆகவே கும்மிடிப்பூண்டிக் காவலருக்கு எது? வியர்க்கும் கைக்குச் செயற்கை ரப்பர் என்பேன்; பெட்டியில் வைத்து எப்போதோ எடுப்பவருக்கு மரம் போதும். ஆனால் கைப்பிடிச் சட்டத்தைச் சுற்றி மூடும் ரப்பர், உப்பு வியர்வையை எஃகோடு சேர்த்துச் சிறைவைத்துவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு. ஆயுதக்கிடங்கில் குண்டுகளை நீக்கியபின் திருகைக் கழற்றி அந்த மறைவிடத்தைத் துடைத்து எண்ணெய் பூசுவது, ரப்பர்ப் பிடி போட்டவருக்குக் கூடுதல் வேலை.