பலகையும் பென்சிலும்: ஒரே கனசதுரத்தின் இரு வெட்டுகள்

பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 6,872 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு கலப்பெண் வீதம் இரட்டைத் துல்லியத்தில் வைத்தால் ஒரு டெராபைட் ஆகிறது. இதன் முப்பரிமாண ஃபூரியர் உருமாற்றத்தை, தனித்தனி நினைவகம் கொண்ட ஆயிரக்கணக்கான பிராசஸ்கள் சேர்ந்து கணக்கிட வேண்டும். கணக்கு எளிதாகவே பிரிகிறது: எக்ஸ் திசைக் கோடுகள், பிறகு ஒய், பிறகு இசட் என்று ஒற்றைப் பரிமாண உருமாற்றங்களாகச் செய்தால் போதும். தரவுதான் அவ்வளவு எளிதாகப் பிரிய மறுக்கிறது. ஒரு கோட்டை உருமாற்றும் நேரத்தில் அக்கோடு முழுவதும் ஒரே பிராசஸின் நினைவகத்தில் இருக்க வேண்டும். கனசதுரத்தை எப்படி வெட்டினாலும் ஏதோ ஒரு திசைக் கோடுகள் துண்டாகிப் போகும். எத்தனை திசைகள் துண்டாகலாம் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் நிலைத்திருக்கின்றன. ஒன்று பலகை வெட்டு, மற்றது பென்சில் வெட்டு.

பலகை வெட்டு ஒரு திசையை மட்டுமே துண்டாக்குகிறது. பென்சில் வெட்டு இரு திசைகளைத் துண்டாக்குகிறது. பலகையை வைத்திருக்கும் பிராசஸ் இரு திசை உருமாற்றங்களை யாரிடமும் பேசாமல் முடித்துவிட்டு, மூன்றாவதற்காக ஒரே ஒரு முறை எல்லாப் பிராசஸ்களுடனும் தரவை மாற்றிக்கொள்கிறது. பென்சில் முறையில் பிராசஸ்கள் நிரையும் நிரலுமாக அடுக்கப்பட்டிருக்கும்; பென்சிலை வைத்திருக்கும் பிராசஸ் ஒரு திசையை முடித்ததும் தன் நிரையில் உள்ளவர்களுடன் மாற்றிக்கொள்கிறது. இரண்டாம் திசையை முடித்ததும் தன் நிரலில் உள்ளவர்களுடன் மாற்றிக்கொள்கிறது. அங்கே எல்லோரும் கலந்துகொள்ளும் ஒரு பெரிய நிரை–நிரல் மாற்று. இங்கே சிறு குழுக்களுக்குள் இரண்டு மாற்றுகள்.

இவ்வளவில் நிறுத்தினால் பலகையே மேல் என்று தோன்றும். ஒரு முறை நகர்த்தி முடிகிற தரவை எதற்காக இரு முறை நகர்த்த வேண்டும்? முதல் பதில் எல்லை பற்றியது. 4096 தளங்கள் உள்ள கனசதுரத்தை 4096 பலகைகளுக்கு மேல் அறுக்க முடியாது. பிராசஸ்கள் 16,384 இருந்தால் 12,288 சும்மா உட்கார்ந்திருக்கும். பென்சிலின் எல்லையோ 4096-இன் வர்க்கம், அதாவது 1.67 கோடிக்கும் மேல். நடைமுறையில் ஓட்டப்படும் பிராசஸ்களின் எண்ணிக்கை அந்த எல்லையை நெருங்குவதில்லை. மூலக்கூறு இயக்கவியல் போன்ற துறைகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே கட்டம் 128³ அளவுக்குச் சிறியதாக இருக்கும், வலையமைப்பில் இணைந்த தனிக் கணினிகளான கணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். 128 பலகைகளோடு நின்றுவிடும் முறை அங்கே செல்லாது.

இரண்டாவது பதில் செய்திகளின் அளவு பற்றியது. எனக்கு இதுவே அதிக சுவையுடையதாகப் படுகிறது. 4096 பிராசஸ்கள் என்று வைத்து, இரு வெட்டுகளுக்கும் சமமான களம் அமைத்துப் பார்ப்போம். பலகை முறையில் ஒவ்வொரு பிராசஸும் 4095 பேருக்கு ஆளுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. செய்தியின் அளவு 64 கிலோபைட். பிராசஸ்களை 64×64 என்று அடுக்கிய பென்சில் முறையில் ஒரு மாற்றுக்கு 63 வீதம் மொத்தம் 126 செய்திகள். ஒவ்வொன்றும் 4 மெகாபைட். பலகை அனுப்பும் மொத்தத் தரவு ஏறக்குறைய 256 மெகாபைட், பென்சில் அனுப்புவது 504 மெகாபைட். பலகை குறைவாக அனுப்புகிறது, ஆனால் பொடிப்பொடியாக அனுப்புகிறது. பென்சில் ஏறத்தாழ இரு மடங்கு அனுப்புகிறது, ஆனால் கட்டுக்கட்டாக அனுப்புகிறது. ஒவ்வொரு செய்திக்கும் அளவைச் சாராத ஒரு தொடக்கத் தாமதம் உண்டு. பிராசஸ்கள் பெருகப் பெருக, பலகையின் செய்திகள் அந்தத் தாமதத்துக்கே நேரத்தை இழக்கின்றன. பென்சில் கம்பியின் கொள்ளளவுக்கு விலை கொடுக்கிறது.

கணக்கிடும் வேலையை ஏன் பேசவில்லை என்று கேட்கலாம். இரு வெட்டுகளிலும் அது ஒன்றே என்பது ஒரு காரணம். அது சிறியது என்பது இன்னொரு காரணம். 4096³ கட்டத்தில் ஒரு புள்ளிக்குச் சுமார் 180 எண்கணிதச் செயல்கள்தான் தேவைப்படுகின்றன. இன்றைய ஜி.பி.யு. அதை ஒரு பொருட்டாகவே நினைக்காது. புள்ளியின் 16 பைட்டுகளை வேறொரு கணுவுக்கு அனுப்புவதுதான் அதற்குப் பாரம்.

வரலாறு இந்த இரண்டையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஆதரித்திருப்பதைப் பார்க்கும்போது, வெற்றி தோல்வி என்று பேசுவது பொருந்தாது என்று தெரிகிறது. உதாரணமாக, திரவக் கொந்தளிப்பை ஃபூரியர் முறையில் நேரடியாகக் கணிக்கும் வேலை 1972-இல் ஆர்சாக், பேட்டர்சன் இருவரின் 32³ கட்டத்தோடு தொடங்கியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2002-இல், ஜப்பானின் எர்த் சிமுலேட்டர் கணினி 2048³ கட்டத்தில் 16.4 டெராஃபிளாப் வேகத்தை எட்டியது. அது பலகை வெட்டு: 512 கணுக்கள், கணுவுக்கு 4 தளங்கள். ஒரு கணுவுக்குள் இருந்த 8 செயலிகளும் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டதால், செயலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தபோதும் பலகைகள் 512-ஐத் தாண்டத் தேவைப்படவில்லை.

பிறகு காலம் மெலிந்த செயலிக் கருக்களின் பக்கம் சாய்ந்தது. கணுக்கள் கூடின, ஒவ்வொரு கருவுக்கும் கிடைத்த நினைவகம் குறைந்தது. சான் டியேகோவில் உருவான பி3டிஎஃப்எஃப்டி, கெம்னிட்ஸில் உருவான பிஎஃப்எஃப்டி, நிங் லீ – லைசே இருவரின் 2டீகாம்ப் ஆகிய நூலகங்கள் பென்சிலை முன்வைத்தே எழுதப்பட்டன. புகழ்பெற்ற எஃப்எஃப்டிடபிள்யூ பிராசஸ்களுக்கிடையே செய்தி அனுப்பும் தன் எம்.பி.ஐ. பகுதியில் பலகையோடு நின்றது. 2015-இல் கொந்தளிப்பு ஆய்வாளர் யூங்கின் குழுவினர் புளூ வாட்டர்ஸ் கணினியில் 8192³ கட்டத்தை 2,62,144 பிராசஸ்களில் ஓட்டியதை வெளியிட்டார்கள். பலகை அனுமதிக்கும் உச்சத்தைப் போல அது 32 மடங்கு. அந்தச் சமயத்தில் பலகை முறை பழங்கதையாகிவிட்டது என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும்.

ஆனால் 2019-இல் அதே ஆய்வு மரபு சம்மிட் கணினியில் 18,432³ கட்டத்தை எடுத்தபோது பலகைக்குத் திரும்பியது. 3072 கணுக்கள், கணுவுக்கு 6 தளங்கள். காரணம் தெளிவானது: சம்மிட்டின் கணு பருத்ததாக, 512 கிகாபைட் நினைவகமும் 6 ஜி.பி.யு.க்களும் உடையதாக இருந்தது. கணுக்களின் எண்ணிக்கை குறைந்ததும் பலகையின் எல்லை தடையாக இல்லாமல் போனது. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பலகை முழுவதும் ஜி.பி.யு.வின் நினைவகத்தில் ஒரே நேரத்தில் அடங்காததால், அதைப் பென்சில்களாக அறுத்து ஒவ்வொரு தொகுதியாக உள்ளே அனுப்பினார்கள். ஒரு தொகுதி கணக்கிடப்படும்போதே இன்னொரு தொகுதி நகர்ந்துகொண்டிருந்தது. பலகை இடத்தை வெட்டியது, பென்சில் நேரத்தை வெட்டியது. எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரண்டும் ஒரே மென்பொருளுக்குள் ஒன்றன் வயிற்றில் ஒன்றாக வேலை செய்தன.

இப்படி ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவது தற்செயல் அல்ல. பென்சில் முறையில் பிராசஸ்களை 64×64 என்றே அடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 32×128 என்றும் அடுக்கலாம், 8×512 என்றும் அடுக்கலாம். 1×4096 என்று அடுக்கினால் என்ன ஆகும்? இரு மாற்றுகளில் ஒன்று தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதாகி மறைந்துவிடும், எஞ்சுவது பலகை. ஆகவே பலகை என்பது பென்சிலின் ஓர் ஓரச் சந்தர்ப்பம். இவ்வளவு உறவை நூலக ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். பல நூலகங்கள் இரண்டையும் ஒரே மென்பொருளால் ஆள்வதும் இதனால்தான்.

இதைவிட ஆழமான உறவு செய்திகளின் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கிறது. 1965-இல் கூலி, டூக்கி இருவரும் சொன்னதை நினைவுகூர்வோம். நீளம் ஆர் பெருக்கல் எஸ் என்று பிரியுமானால், ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு உள்ளீட்டையும் நேராகத் தொட வேண்டியதில்லை. முதலில் ஆர் அளவுக் குழுக்களுக்குள்ளும், பிறகு எஸ் அளவுக் குழுக்களுக்குள்ளும் கலந்தால் போதும். ஒரு விடைக்கான செலவு பெருக்குத்தொகையிலிருந்து கூட்டுத்தொகைக்கு இறங்கிவிடுகிறது. இப்போது பிராசஸ்களைப் பாருங்கள். பலகையில் ஒவ்வொரு பிராசஸும் மற்ற எல்லாவற்றையும் நேராகத் தொடுகிறது: 4095 செய்திகள். பென்சிலில் 4096-ஐ 64 பெருக்கல் 64 என்று பிரித்து, நிரைக்குள் ஒரு முறையும் நிரலுக்குள் ஒரு முறையும் கலக்கிறது: 63 கூட்டல் 63. அதே காரணிப் பிரிப்பு. அதே பெருக்கலிலிருந்து கூட்டலுக்கான இறக்கம். உருமாற்றத்தை வேகமாக்கிய தந்திரம், அவ்வுருமாற்றத்துக்காகத் தரவை நகர்த்தும் வலையமைப்பிலும் ஒரு முறை நிகழ்கிறது. பலகை என்பது தகவல்தொடர்பின் நேரடி உருமாற்றம் என்றால், பென்சில் அதன் முதல் காரணிப் பிரிப்பு.

இந்த ஒப்புமை சரியாக இருக்குமானால் அடுத்த படிகளும் இருக்க வேண்டும், இருக்கின்றன. 4096-ஐ 16×16×16 என்று பிரித்து மூன்று மாற்றுகள் செய்தால் 45 செய்திகள், 720 மெகாபைட். இரண்டு இரண்டாகவே பன்னிரண்டு முறை பிரித்தால் 12 செய்திகள் மட்டுமே. ஆனால் ஒவ்வொரு படியிலும் தன் பங்கில் பாதியைத் துணைப் பிராசஸுக்குக் கொடுத்து வாங்குவதால் மொத்தம் 1536 மெகாபைட். இணைக்கணிப்புப் பாடநூல்கள் இரும மாற்று முறை என்று தனியாக விளக்குவதன் எலும்புக்கூடு இந்தக் கடைசி முனைதான். ஹைப்பர்கியூப் வலையமைப்பின் காலத்தில் அது இயல்பான தேர்வாக இருந்தது. அஞ்சல் பிரிப்பகத்தில் முதலில் மாவட்டப் பை, பிறகு ஊர்ப் பை, பிறகு தெருக்கட்டு என்று பிரிப்பதைப் போல, படிகள் கூடக் கூடக் கட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது. ஒவ்வொரு கடிதமும் கைமாறும் முறைகள் கூடுகின்றன.

இங்கேதான் ஒப்புமை பிரிகிறது, அந்தப் பிரிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூலி–டூக்கியின் பிரிப்பில் எண்கணித வேலை உண்மையாகவே குறைகிறது, அதனால் இயன்றவரை பிரித்துக்கொண்டே போகிறோம். தகவல்தொடர்பில் செய்திகளின் எண்ணிக்கை மட்டுமே குறைகிறது. நகரும் பைட்டுகள் கூடுகின்றன. அதனால் இங்கே கடைசி வரை பிரிப்பது பெரிய கட்டங்களுக்கு நட்டம். ஆனாலும் இந்த வேறுபாட்டுக்கும் உருமாற்றத்தின் பக்கம் ஓர் உறவினர் உண்டு. 1990-இல் டேவிட் பெய்லி, நினைவகத்தில் அடங்காத நீண்ட உருமாற்றங்களைப் பற்றி எழுதியபோது, எண்கணிதத்தை விட்டுவிட்டுத் தரவை எத்தனை முறை கடந்து செல்கிறோம் என்பதையே எண்ணினார். நீளத்தை ஏறத்தாழ இரு சம காரணிகளாக, ஓர் அணியாக மடித்து, மெதுவான நினைவகத்தை இரண்டே கடப்புகளில் முடிப்பது அவர் காட்டிய வழி. காரணிகள் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்ற முடிவு. பென்சில் வந்து சேர்ந்த இடமும் அதுவே.

நடைமுறையில் இரு வெட்டுகளும் பகிரும் சிறு துன்பம் ஒன்று உண்டு. உள்ளீடு மெய்யெண்களாக இருந்தால் சமச்சீரால் ஒரு திசையில் 2049 மதிப்புகள் மட்டும் எஞ்சும். அந்த ஒற்றைக் கூடுதல், சமமான பங்கீட்டை இரு வெட்டுகளிலும் குலைக்கிறது. பகிரும் ஒரு நன்மையும் உண்டு: அலையெண் வெளியில் பெருக்கிவிட்டு உடனே திரும்பி வரப் போகிறோம் என்றால், விடையைப் பழைய அடுக்குக்குக் கொண்டுவராமல் மாறிய அடுக்கிலேயே விட்டுவிடலாம். பலகைக்கு இதனால் போகும்போது ஒரு மாற்றும், பென்சிலுக்கு இரண்டும் மிச்சம்.

பென்சிலுக்கு மட்டும் உரிய சலுகை, அடுக்கின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. 64×64 என்பது தாளில் அழகானது. கணினியில் பெரும்பாலும் சிறந்தது அல்ல. நிரையின் அளவை ஒரு கணுவுக்குள் இருக்கும் பிராசஸ்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வைத்தால், இரு மாற்றுகளில் ஒன்று கணுவின் உள் நினைவகத்திலேயே முடிந்துவிடுகிறது. வெளி வலையமைப்பில் ஓடுவது பலகையைப் போல ஒரே மாற்றுதான். பென்சிலின் பெயரில் பலகையின் சிக்கனத்தைப் பெறும் இந்த நடு வடிவமே எனக்கு இரண்டிலும் சிறந்ததாகத் தோன்றுகிறது.

இந்த நடு வடிவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஃப்ரான்டியர் கணினியில் யூங் குழுவினர் 32,768³ கட்டத்தை, அதாவது 35 லட்சம் கோடிப் புள்ளிகளை, 4096 கணுக்களிலும் 8192 கணுக்களிலும் ஓட்டியிருக்கிறார்கள். இரு வெட்டுகளும் அவர்கள் மென்பொருளில் இருக்கின்றன. அங்கே ஒரு கணுவில் 8 ஜி.பி.யு. சில்லுகள். 4096 கணுக்கள் என்றால் 32,768 சில்லுகள்: சில்லுக்குச் சரியாக ஒரு தளம், பலகையின் கடைசி எல்லை. 8192 கணுக்கள் என்றால் 65,536 சில்லுகள். சில்லுக்கு ஒரு பிராசஸ் என்றால் பலகைக்கு அங்கே வழியில்லை. ஆனால் தேவைப்படும் விலகல் மிகச் சிறியது. 2×32,768 என்று அடுக்கினால் போதும். ஒரே கணுவில் உள்ள இரு சில்லுகள் ஒரு தளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும், மற்ற மாற்று முழுவதும் பலகையின் மாற்றைப் போலவே நடக்கும்.