பழைய மெட்டில் புதுப்பாட்டு



22-ஆம் சங்கீதத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். சிலுவையின்மேல் நம் ஆண்டவர் எழுப்பிய கதறல் அதன் முதல் வசனம். அந்த வசனத்துக்கும் மேலே அச்சிடப்பட்டிருக்கும் தலைப்பையோ நம்மில் பலர் கடந்து போய்விடுகிறோம். இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட சங்கீதம் என்று கூறும் அத்தலைப்பு, அதைப் பாடவேண்டிய இசைக்கும் ஒரு பெயர் சொல்கிறது. எபிரெய மொழியில் அப்பெயருக்கு 'விடியற்காலத்துப் பெண்மான்' என்பது பொருள். மக்கள் முன்பே அறிந்திருந்த ஒரு பாட்டின் மெட்டாக அது இருக்கவேண்டும் என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் வேதத்தின் மிக ஆழமான புலம்பல்களுள் ஒன்று, ஊரார் வாயில் புழங்கிய ஒரு மான் பாட்டின் மெட்டில் ஏறி ஆலயத்துக்குள் நுழைந்திருக்கிறது.

இதை இப்போது நான் எழுதக் காரணம் உண்டு. நம் வாலிபர் சிலர், பழைய கீர்த்தனைகளைப் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து ஆராதனையில் பாட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கைப்பேசியில் விரும்பிக் கேட்பது 'சோல்' இசை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒலியை இன்றைய தாளத்தோடு இணைத்து வெளிவரும் புதிய ஆல்பங்கள். மூத்தோர் சிலரோ, கீர்த்தனை நம் முன்னோர் சொத்து, அதன்மேல் கைவைக்கலாகாது என்கின்றனர். இரு தரப்பாரும் என்னிடம் வந்தார்கள். அந்தச் சொத்து நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இரு தரப்பாரும் அறிந்துகொள்வது நலம்.

'சோல்' என்றால் ஆத்துமா. பெயர் சொல்வதுபோலவே அவ்விசை திருச்சபையின் பிள்ளை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயங்களில் பிறந்தது. 1954-இல் ரே சார்ல்ஸ், வானொலியில் கேட்ட ஒரு தெய்வப் பாடலின் அமைப்பை எடுத்து, இயேசுவைப் பாடிய இடத்தில் ஒரு பெண்ணைப் பாடினார். சபையார் பலர் கொதித்தனர். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் போன பிள்ளை திரும்பியும் வந்தது. போதகரின் மகளாகப் பிறந்து உலகப் புகழ்பெற்ற அரேதா ஃபிராங்க்ளின், 1972 ஜனவரியில் இரண்டு இரவுகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பாப்டிஸ்ட் ஆலயம் ஒன்றில் நின்று பாடினார். தாமஸ் டார்சி 1932-இல் மனைவியையும் பச்சிளங்குழந்தையையும் இழந்த துயரில் இயற்றிய பாடலை, அப்போது வானொலிகளில் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினேகிதப் பாட்டோடு பின்னிப் பாடினார். எது ஆலயத்துடையது, எது கடைவீதியுடையது என்று பிரிக்க இயலாதபடி இரண்டும் ஒன்றாயின. அந்தப் பதிவே அவருடைய புகழ்பெற்ற 'அமேசிங் கிரேஸ்' ஆல்பம்.

இன்று நம் பிள்ளைகள் கேட்பது அதன் பேரப்பிள்ளைகளை. ஆலயத்தில் பாடி வளர்ந்து, சிறைக் காவலராகவும் வேலை பார்த்த ஷாரன் ஜோன்ஸ், நாற்பது வயதைக் கடந்தபின் 2002-இல் தம் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். கணினி யுகத்தில் அவருடைய குழுவினர் பழைய ஒலிநாடாவில் பதிவு செய்தனர். லியோன் பிரிட்ஜஸ் 2015-இல் பழைய கருவிகளைக்கொண்டு பதிவுசெய்த முதல் ஆல்பத்தில், பாவம் கழுவப்பட ஆற்றில் இறங்க ஏங்கும் ஒரு பாடல் உண்டு. கேட்டுப் பாருங்கள், நான் கேட்டேன்.

பிறர் மெட்டில் நம் பாட்டு என்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார், தாய்மார் பாடிய தாலாட்டையும் நிலாவை அழைக்கும் பாட்டையும் தம் தெய்வத்துக்குரிய பாசுரமாக்கினார். தென்மேற்கே திருக்குற்றாலத்தில் 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர், குறி சொல்லும் மலைக்குறத்தியின் கூத்தைக் குறவஞ்சி இலக்கியமாக உயர்த்தினார். சங்கரன்கோவிலுக்கு அருகில் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார், காவடி தூக்கி நடப்போரின் அடிவைப்பையே சந்தமாக்கினார். இந்த வட்டாரத்தின் காற்றிலேயே அப்பழக்கம் இருக்கிறது.

இதே தென்னாட்டிலிருந்து, 1774-இல் பிறந்த ஒரு சிறுவனைச் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். அவரே நம் வேதநாயகம் சாஸ்திரியார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரிடமே பயின்றவர். சாஸ்திரியார் குறவஞ்சியைக் கையில் எடுத்தார். தலைவி, தலைவன்மேல் காதல், குறத்தி வருகிறாள், கை பார்த்துக் குறி சொல்கிறாள். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தலைவி சீயோன் குமாரத்தி, தலைவன் பெத்லகேமில் பிறந்தவர், குறத்தியோ விசுவாசத்தின் உருவகம். அதோடு நின்றாரா? பூமியும் கோள்களும் சூரியனைச் சுற்றிவருகின்றன என்ற அன்றைய புதிய அறிவையும் அக்கூத்துக்குள் பாட்டாக வைத்தார். குறத்தி வேடத்துக்குள் கோப்பர்நிக்கஸ்! பழைய வடிவத்தில் புதிய ஒலி என்று இன்று பேசுவோர் இதற்கு மேல் என்ன துணிந்துவிடப் போகிறார்கள்?

ஆனால் 1820-களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிகளுக்கு இது பொருந்தவில்லை. தமிழ் இராகமும் தாளமும் கோயிலையும் சதிரையும் நினைவூட்டின. ஐரோப்பிய மெட்டுப் பாமாலையே ஆராதனைக்குத் தகுமென்று அவர்கள் எண்ணினர். சாஸ்திரியார் எதிர்த்தார். எதிர்ப்பு முற்றி அவர் தம் பணியை இழந்தார். சரபோஜி மன்னரே அவரை ஆதரித்தார். மூத்தோரே, நீங்கள் இன்று காக்க நினைக்கும் கீர்த்தனை, அன்று ஆலயத்துக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்ட புதுமை.

வாலிபருக்கும் ஒன்று சொல்லவேண்டும். இதை மூடிவைத்தால் வரலாறு பாதியாகிவிடும். சாஸ்திரியார் மிஷனரிகள்மேல் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் இசை ஒன்றுதான். வேத மொழிபெயர்ப்பை மாற்றியது மற்றொன்று. சபையில் சாதி வேற்றுமை பாராமல் எல்லாரையும் ஒன்றாக உட்காரச் சொன்னது இன்னொன்று. அந்தக் கடைசி விஷயத்தில் மிஷனரிகள் சரி. நம் கவிராயர் தவறு. அவருடைய பாட்டில் ஒரு குறத்தி சீயோனுக்கே நற்செய்தி சொன்னாள். ஆலயத்திலோ அவளுக்கு எந்தப் பாயில் இடம் என்பதில் அவர் பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டார். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் சுமந்துவர வேண்டியதில்லை. இராகத்தை எடுத்துக்கொண்டோம், அந்தப் பாயைச் சுருட்டிப் போட நம் திருச்சபைக்கு நெடுங்காலம் பிடித்தது. எங்கும் சுருட்டியாயிற்று என்று என்னால் எழுத முடியவில்லை.

பின்பு காற்று மாறியது. மதுரைப் பகுதியில் ஊழியஞ்செய்த அமெரிக்க மிஷனரி எட்வர்டு வெப், பாமாலையில் வாய் திறவாத மக்கள் கீர்த்தனைக்கு உருகுவதைக் கண்டு, சாஸ்திரியார் பாடல்களை முதன்மையாகக்கொண்ட கீர்த்தனைத் தொகுப்பை 1853-இல் அச்சிட்டார். சாஸ்திரியார் அதைக் காண உயிரோடிருந்தார், 1864-இல் மறைந்தார்.

அடுத்த தலைமுறையில், தென்காசிக்கு அருகில் சாம்பவர் வடகரையில் 1859-இல் ஆபிரகாம் பண்டிதர் பிறந்தார். ஆசிரியர், சித்த மருத்துவர், இசை அறிஞர். மேனாட்டு இசையையும் முறையாகப் பயின்ற அவர், அந்தக் காதோடு சிலப்பதிகாரத்தின் பண்களுக்குத் திரும்பிச் சென்றார். மருந்து விற்ற பணத்தை இசை மாநாடுகளில் செலவிட்டார். 1917-இல் ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. பழந்தமிழ்ப் பண்ணின் சுருதிக் கணக்கை ஒரு கிறிஸ்தவ வைத்தியர் தேடி எடுத்துக் கொடுத்தார் என்பதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் எவ்வளவு சொல்கிறதோ, நானறியேன். நீங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

ஆகவே வாலிபரின் விண்ணப்பத்துக்குப் பதில் இது. இம்மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் ஒரு கீர்த்தனையை அவர்கள் விரும்பியபடி பாடலாம். இராகமும் தாளமும் மாறலாகாது. பல்லவியும் முதல் சரணமும் ஆர்மோனியத்தோடு மட்டும். பேஸும் டிரம்ஸும் இரண்டாம் சரணத்தில் சேரட்டும், பாட்டின் சொல் கேட்கும் அளவுக்கு. எந்தக் கீர்த்தனை என்பதை மூத்தோர் தெரிந்தெடுப்பார்கள். அச்சுப் புத்தகத்தில் இராகத்தின் பெயர்தான் இருக்கிறது, மெட்டு இல்லை. அது நம் சபையில் இன்று நான்கைந்து பாட்டிமார் நினைவில் மட்டுமே உள்ளது. எனவே பாடகர் குழுவினர் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆலயத்துக்கு வந்து, அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவேண்டும். கைப்பேசியில் பதிவுசெய்து வைக்க மறவாதீர்கள். எல்லாரும் ஒரே பாயில்.