தேக்குப் பிடி

பெரியப்பா இறந்து இருபது நாள் கழித்து, சேலையூர் வீட்டு இரும்பு பீரோவிலிருந்து பெரியம்மா ஒரு ரிவால்வரை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்படி ஒன்று வீட்டில் இருப்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, 1981இல் வேறொருவரிடமிருந்து முறைப்படி வாங்கிய பழைய துப்பாக்கி அது. பர்மிங்ஹாமில் செய்த வெப்லி அண்ட் ஸ்காட், 32 போர். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டு, பெரியம்மாவும் நானும் நகரத்துக் கடை ஒன்றுக்கு அதை எடுத்துப் போனோம்.

கடைக்காரர் தாழ்ப்பாளை அழுத்தி, குழலைக் கீழே மடக்கி, ஆறு அறைகளும் காலி என்று பார்த்தார். பிறகு கைப்பிடியை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனியில வந்த கருப்புப் பிடி இல்லம்மா இது. யாரோ தேக்குல செஞ்சு மாட்டியிருக்காங்க. அதுவும் இவ்வளவு ஒல்லியா... பெரியவருக்கு அவ்வளவு சின்னக் கையா?"

பெரியப்பாவின் கை முறம் மாதிரி இருக்கும். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், பல்லாவரம் தாண்டியதும் ஆட்டோவிலேயே சொன்னார். "எனக்காகச் செஞ்சதுடி அது."

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலையூரில் வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. பெரியப்பா மாதக்கணக்கில் வடக்கே பணியில் இருப்பார். இரண்டு சிறு பிள்ளைகளுடன் பெரியம்மா தனியாக இருந்தார். ஒரு விடுமுறையில் வந்தபோது பெரியப்பா துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். விரல் விசையை எட்டவில்லை. நுனிதான் தொட்டது. எட்டிப் பிடித்தால் பிடி உள்ளங்கையிலிருந்து நழுவியது. வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியைக் கூப்பிட்டார்கள். வளையல்காரர் பார்ப்பதுபோல் அவர் பெரியம்மாவின் கையைப் பார்த்தார். கதவுச் சட்டத்தில் மிஞ்சிய தேக்கில் இரண்டு துண்டு அறுத்து, அரத்தால் தேய்த்து, மறுபடி பிடிக்கச் சொல்லி, மறுபடி தேய்த்து, மூன்று நாளில் பொருத்திக் கொடுத்தாராம்.

துப்பாக்கியின் உறுப்புகளில் விசையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் பிடியின் பின்பக்கத்துக்கும் விசைக்கும் உள்ள தூரம்தான் அதை யாரால் சுட முடியும் என்று தீர்மானிக்கிறது. அந்தத் தூரத்தை யார் கையை வைத்து முடிவு செய்தார்கள்? வெப்லி ரிவால்வர்கள் பிரிட்டிஷ் படை அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியவை. ஆணின் உடம்புக்கு இடைஞ்சல் என்றால் அரசே துப்பாக்கியை மாற்றியிருக்கிறது. 1938இல், டாங்கிக்குள் ஏறி இறங்கும் வீரர்களுக்கு எங்கேயாவது மாட்டிக்கொள்கிறது என்பதற்காக, என்ஃபீல்டு ரிவால்வரின் சுத்தியலில் நீட்டிக்கொண்டிருந்த கொம்பையே நீக்கி, விசையின் வில்லையும் இலகுவாக்கினார்கள். பிறகு பழைய துப்பாக்கிகளையும் அப்படியே மாற்றினார்கள். பெரியம்மாவுக்குக் கதவு செய்ய வந்த ஆசாரிதான் கிடைத்தார்.

பெண்களுக்கென்று துப்பாக்கி வராமலில்லை. அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் 1902 வாக்கில் 'லேடிஸ்மித்' என்று ஏழு ரவை போடும் சின்னஞ்சிறு 22 ரிவால்வரை விற்றது. நம் நாட்டில் 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து 'நிர்பீக்' வந்தது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த பெயரின் சாயலில் ஒரு பெயர். 32 போர், டைட்டானியம் உலோகக் கலவை, எடை 500 கிராம், விலை ஒரு லட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அமைப்பு என்னவோ பழைய வெப்லிதான். குழலை மடக்கித் திறக்கும் அதே முறை. கைப்பைக்குள் அடங்கும், கனமில்லை என்றெல்லாம் செய்தி வந்தது. விரல் நீளத்தைப் பற்றி யாராவது பேசினார்களா என்று அந்தச் செய்திகளில் தேடினேன். என் கண்ணில் படவில்லை. கனம் குறைந்தால் சுடும்போது கையில் விழும் உதை கூடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

துப்பாக்கி வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. பெண்களுக்கெதிரான குற்றங்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தரும் கணக்கில் முதலிடத்தில் நிற்பது 'கணவர் அல்லது அவரது உறவினர்களின் கொடுமை'. அந்த வீடுகளில் துப்பாக்கி இருந்தால் அது யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. பெரியம்மாவின் கைக்கு அளவெடுத்துச் செய்த அந்தப் பொருளை, பெரியப்பா இல்லாத இரவுகளில் தொடவே சட்டப்படி பெரியம்மாவுக்கு உரிமை இல்லை. உரிமம் பெரியப்பா பெயரில் மட்டும். 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரைத்தான் உரிமம் கேட்டு நிற்கவைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பேதம் இல்லை, ஆண் பெண் பேதமும் இல்லை. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். மனைவியும் வாரிசுதான். ஆனால் விண்ணப்பம் பற்றி விசாரிக்கப்போன அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெரியம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "பையன் எங்க இருக்காரு?" இரண்டாவது கேள்வி: "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா?" பெரியப்பா கடைசியாகப் புதுப்பித்தபோது அவருக்கு எழுபத்தைந்து. அவரிடம் யாரும் வயதைக் கேட்கவில்லை.

1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்ஸனை நோக்கிச் சுட்ட பீனா தாஸுக்கு ரிவால்வரைக் கொண்டுவந்து கொடுத்தவர் கமலா தாஸ்குப்தா. அதாவது ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தார். குறி தவறியது. பீனாவுக்கு ஒன்பது ஆண்டுக் கடுங்காவல். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, "அந்தப் பொண்ணுக்கு விரல் எட்டுச்சா?" என்றுதான் கேட்டார்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது நிலையம் பரங்கிமலை. அங்குள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992 செப்டம்பரில் முதல் முறையாக 25 பெண்கள் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். பெரியம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். அவர்களுக்கு நிரந்தரப் பணி உரிமையைத் தீர்ப்பாக வாங்க 2020 பிப்ரவரி வரை ஆனது. பீரங்கிப் படையில் முதல் ஐந்து பெண்கள் சேர்ந்தது 2023 ஏப்ரலில், அதே பரங்கிமலையிலிருந்து.

பெரியம்மா அதைச் சுட்டதேயில்லை. ரவையை எடுத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறைச் சுவரைப் பார்த்து விசையை இழுத்துப் பழகுவாராம். ஒரு தடவைகூட அதற்குத் தேவை வரவில்லை. "ஆனா தூக்கம் வந்துச்சு" என்றார்.

அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கு அது வேண்டாம். பெரியம்மாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. ரிவால்வர் இன்னும் அந்தக் கடையின் பெட்டகத்தில்தான் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த ரசீதில் கம்பெனிப் பெயர், போர், எண், எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது. காப்புக் கட்டணத்தைப் பெரியம்மாதான் கட்டுகிறார். போன தடவை பணம் கட்ட நான் கிளம்பியபோது, மரம் காய்ந்து வெடித்துவிடும், பிடிக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவச் சொல் என்று சொல்லியனுப்பினார்.