ஒரு கருவி, பல கல்லூரிகள்

மூலிகைச் சாற்றிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்த கல்லூரி ஆய்வாளருக்கு, அதன் மூலக்கூறு அமைப்பை அறிய எழுபதுகளின் தொடக்கத்தில் எளிய வழி எதுவும் இருக்கவில்லை. அதற்கு உதவும் என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்நியச் செலாவணியோ அரிது. கல்லூரிதோறும் வாங்கித் தர இயலாது என்பதால், சில பெரிய நிறுவனங்களில் கருவிகளை வைத்து வெளியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது, 1971இல் உருவான மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை. எழுபதுகளின் நடுவில் இப்படித் தொடங்கியவையே 'ஆர்.எஸ்.ஐ.சி.' எனப்பட்ட வட்டார நுண்கருவி மையங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள மையத்தின் பெயர் பின்னர் 'சைஃப்' என மாறியது. மூத்த பேராசிரியர்களுக்கு அது இன்றும் 'ஆர்.எஸ்.ஐ.சி.'தான். பம்பாய் ஐ.ஐ.டி., லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம், கொல்கத்தா போஸ் நிலையம் எனப் பட்டியல் நீளும்.

உயிரியலாளர்களுக்கு நெருக்கமானவை டெல்லி எய்ம்ஸிலும் ஷில்லாங்கிலும் உள்ள எலக்ட்ரான் நுண்ணோக்கிகள். அங்கே சாம்பிளைக் கொடுத்தவுடன் படம் கிடைத்துவிடாது. திசுவை எடுத்த கையோடு குளூட்டரால்டிஹைடில் இட வேண்டும். பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடு, நீர் நீக்கம், பிசினில் பதித்தல். அதன்பின் வைரக் கத்தியால் ஏறத்தாழ 70 நானோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். சீவுவதில் கை பிசகினால் பல நாள் உழைப்பு வீண். இதைப் பழுதறச் செய்யும் தொழில்நுட்பர்களின் பெயர் பல ஆய்வேடுகளின் நன்றியுரையில்கூட இடம்பெறுவதில்லை. இத்திட்டத்தின் மெய்யான மூலதனம் அவர்கள்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கொள்கை தடுமாறுவதும் இங்கேதான். கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதை உயிரோடு வைத்திருப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. என்.எம்.ஆர். காந்தம் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கியே இருக்க வேண்டும். சாம்பிள் வந்தாலும் வராவிட்டாலும் ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆய்வு மாணவர் கட்டும் சலுகைக் கட்டணம் இதற்குப் போதாது. அதற்காகக் கட்டணத்தை உயர்த்தினால் மையம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களே வெளியே நிற்பார்கள்.

பின்னாளில் வழிகள் பெருகின. 2009இல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் முயற்சியில் பெங்களூரில் சி-கேம்ப் எழுந்தது. உயிரியலுக்கான கருவிகளோடு அவற்றைக் கையாளும் வல்லுநர்களையும் சேர்த்தே வழங்கும் மையம் அது. 2020 ஜனவரியில் வந்த ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடி, நேரமும் பதிவு செய்யலாம். பொதுப்பணத்தில் வாங்கிய கருவிகளைப் பகிர்வதற்கென 2022இல் 'ஸ்ரீமான்' வழிகாட்டு நெறிகளும் வந்தன.

தேடுவதும் பதிவதும் எளிதாகிவிட்டன. இனி ஒவ்வொரு கருவிக்கான ஒப்புதலோடும் அதை இயக்குபவருக்கு நிரந்தரப் பணியிடமும் பராமரிப்புத் தொகையும் சேர்த்தே அனுமதிக்கப்பட வேண்டும்.